மழை விட்டப்புறம் போற சிக்னல்

சாட்டிலைட் டிவில சிக்னல் அடிக்கடி போகுதுன்னு யாராச்சும் வந்து சொன்னா நான் மொதல்ல கேக்குறது, எப்போ போகுது? மழை கொட்டுறப்பவா, மழை விட்டப்புறமா, நல்ல வெயில்லயா, காத்தடிக்கிறப்பவா, எல்லா சேனலும் போகுதா இல்ல சிலது மட்டுமா. பெரும்பாலும் வர்ற பதில் "எப்பவுமே போகுதுப்பா, சனியன் புடிச்ச டிஷ்ஷு"ங்கறது தான். காரணம் மட்டும் ஆளாளுக்கு ஒன்னு ரெடியா வெச்சிருப்பாங்க, மழை, மரம், குரங்கு, கம்பெனிக்காரன், பக்கத்து வீட்டுக்காரன். நேரத்த யாரும் பாத்து வெச்சிருக்க மாட்டாங்க. நேரம் தெரிஞ்சா பாதி வேல முடிஞ்ச மாதிரி, கூரைல ஏறக்கூட வேண்டியிருக்காது.

எங்க ஊரு பத்தாங் பெர்ஜுந்தை. போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி பல வருஷமாச்சு, ஆனா வாய்ல பெர்ஜுந்தை தான் வருது. கோல சிலாங்கூர் மாவட்டம், எந்தப் பக்கம் மோட்டார விட்டாலும் செம்பனை, அதான் பாமாயில் எடுக்குற மரம். மலேசியாவுல வியாபாரத்துக்குன்னு மொத மொதல்ல செம்பனை நட்டதே 1917ல எங்க பக்கத்துல இருக்கிற தென்னமரம் எஸ்டேட்ல தான், நட்டவரு ஹென்றி ஃபோக்கோனியேங்கற பிரெஞ்சுக்காரரு. நான் ஆயில் மில்லுல எலக்ட்ரிக்கல் பக்கம் வேல செய்றேன், அதனால எங்க தாமான்ல, அதாவது எங்க குடியிருப்புல, யாரு வீட்ல ஃபேன் சுத்தலன்னாலும் டிவி வரலன்னாலும் கூப்புடுறது என்னைத்தான். டீ குடுப்பாங்க, காசு குடுக்க மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன்.

இந்தத் தடவ பிரச்சன எங்க வீட்லயே. மாமா, அதாவது எங்க வீட்டம்மாவோட அப்பா, தோட்டத்துல மண்டோரா, அதாவது ஆளுங்கள வேல வாங்குற மேஸ்திரியா, இருந்து ரிட்டயர் ஆகி இப்ப எங்களோட இருக்காரு. காலைல எந்திரிச்சு கோப்பி குடிச்சதும் டிவி ஓடணும், அது ஓடலன்னா அன்னிக்கு வீட்ல யாருக்கும் நிம்மதி கெடையாது. மார்ச் மாசம், எங்க பக்கம் சாயந்தரம் ஆனா இடி மழைன்னு பிச்சுக்கிட்டு ஊத்துற சீசன். காலைல டிவிய போட்டா கட்டம் கட்டமா ஒடஞ்சு, அப்புறம் சிக்னல் இல்லன்னு எழுத்து மட்டும் நிக்கும், மாமா ரிமோட்ட வெச்சு டிக்கோடர, அதான் சிக்னல படமா மாத்தி டிவிக்கு குடுக்குற பொட்டிய, அடிப்பாரு, மத்தியானம் பாத்தா தானா வந்துரும். "நான் அடிச்ச அடில தான் வந்துச்சு"ன்னு சொல்லுவாரு.

ரிப்பேர்காரர் ஒருத்தர் வந்தாரு. வந்த நேரத்துல டிவி நல்லா ஓடுது, அவரு என்னத்த பாப்பாரு பாவம், டிக்கோடர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, "மழ சீசன் அண்ணே, எல்லா வீட்லயும் இப்டித்தான்"ன்னு சொல்லி வந்ததுக்கு காச வாங்கிட்டு போய்ட்டாரு. எல்லா வீட்லயும் இப்டித்தான்ங்கறது தான் எனக்கு உறுத்துச்சு, ஏன்னா எதிர் வீட்ல காலைல சீரியல் சத்தம் எங்க வாசல் வரைக்கும் கேக்குது.

மழைக்கும் சிக்னலுக்கும் உள்ள சங்கதி என்னன்னு மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இங்க தான் எல்லாரும் கொழப்பிக்கிறாங்க. சாட்டிலைட் நிக்கிறது பூமத்திய ரேகைக்கு மேல ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உசரத்துல. நம்ம வீட்டு டிஷ்ஷுக்கு வர்றது கேயூ பேண்டுன்னு சொல்ற அலை, 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அதோட அலைநீளம் ரெண்டர செண்டிமீட்டர் தான். இந்த அளவு அலைய பெரிய பெரிய மழைத்துளி நல்லா உறிஞ்சும், சிதறடிக்கும். நம்ம ஊரு மழையோட துளி சின்னதா இருக்குமா? இடியோட வர்ற மழைல ஒவ்வொன்னும் மண்டைல விழுந்தா வலிக்கும். அதனால நல்லா கொட்டுற நேரத்துல சிக்னல் போறது நியாயமான விஷயம், அதுல டிஷ்ஷு மேல குத்தம் இல்ல, கேபிள் மேல குத்தம் இல்ல, கம்பெனி மேலயும் இல்ல. ஆனா அந்த மாதிரி போற சிக்னல் மழையோட கனம் கொறஞ்சதும் திரும்பி வந்துரணும். மேகத்தோட அந்த கனமான நடுப்பகுதி நம்ம தலைக்கு மேல இருந்து நகந்தாச்சுன்னா, கால் மணியோ அர மணியோ, அவ்ளோ தான், தூறல் இருந்தாக்கூட படம் வந்துரும். ராத்திரி பெஞ்ச மழைக்கு காலைல வானம் பளிச்சுன்னு இருக்கறப்போ சிக்னல் போச்சுன்னா அது வானத்து மழை இல்ல. எங்கயோ உள்ள பூந்து உக்காந்திருக்கிற தண்ணி.

இன்னொரு கொழப்பம், "நேத்து வரைக்கும் சூப்பரா இருந்துச்சு, இன்னிக்கு திடீர்னு சுத்தமா போச்சு"ங்கறது. மாமா காலத்து டிவி அப்டி இல்ல. 1963 டிசம்பர்ல இந்த நாட்டுக்கு டிவி வந்துச்சு, தோட்டத்துக்கு அது வந்து சேர ரொம்ப நாளாச்சு, மாமா சொல்லுவாரு, கிளப்பு வீட்ல ஒரே ஒரு டிவி, கம்பத்து மேல ஏரியல், தமிழ்ப் படம் போடுற அன்னிக்கு லயத்துல உள்ள அத்தன பேரும் பாய எடுத்துக்கிட்டு அங்க. ஏரியல் காத்துல திரும்பிச்சுன்னா படத்துல புள்ளி புள்ளியா வரும், மூஞ்சி ரெண்டா தெரியும், ஆனாலும் பாக்கலாம், ஒரு பையன் வெளிய போயி கம்பத்த திருப்புவான், உள்ள இருந்து "இன்னும் கொஞ்சம், ஆங், போதும் போதும்"ன்னு கத்துவாங்க. கொஞ்சம் கொஞ்சமா கெட்டதால கெடுறது கண்ணுக்கு தெரிஞ்சுச்சு. டிஜிட்டல்ல அந்த வசதி இல்ல. சிக்னல் நாளுக்கு நாள் கொறஞ்சுக்கிட்டே வந்தாலும் ஒரு அளவு வரைக்கும் படம் அப்டியே கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள இருக்கிற திருத்துற கணக்கு எல்லாத்தையும் சரி பண்ணிக்கிட்டே வரும், அந்த எல்லைய தாண்டின அடுத்த நொடி கட்டம் கட்டமா ஒடஞ்சு ஒன்னுமில்லாம போயிரும். அதனால "திடீர்னு போச்சு"ன்னா கோளாறு திடீர்னு வந்ததுன்னு அர்த்தம் இல்ல, மாசக்கணக்கா வந்துக்கிட்டு இருந்திருக்கும்.

சரி, இப்ப மரம்.

எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல, அவங்க பக்கம், ஒரு ரம்புத்தான் மரம். நல்ல மரம், சீசன்ல பழத்த பையில போட்டு எங்க வீட்டு கேட்டுல தொங்க விடுவாங்க. மாமாவுக்கு அந்த மரத்து மேல சந்தேகம் வந்துருச்சு. டிஷ்ஷு கூரைக்கு மேல மேற்கப் பாத்து இருக்கு, மரமும் மேற்கு பக்கம் இருக்கு, மழைல எல நனஞ்சு கனத்து தொங்குது, அதனால காலைல மறைக்குது, வெயில்ல காஞ்சதும் மேல தூக்கிக்குது, மத்தியானம் சிக்னல் வருது. கேக்க நல்லாத்தான் இருக்கு, மண்டோர் மூளை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட நேராவே கேட்டுட்டாரு, "என்னாப்பா, அந்த கெளைய கொஞ்சம் கழிச்சு விடக்கூடாதா, எங்க வீட்டு டிவி வர மாட்டேங்குது." அண்ணன் நல்ல மனுஷன், ஆனா அந்த மரம் அவங்கம்மா வெச்சது. "மாமா, மரம் இருவது வருஷமா நிக்கிது, உங்க டிவி போன மாசம் தானே போச்சு?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. மாமா "மரம் வளரும்ல"ன்னாரு. அதுவும் நியாயம் தான். ரெண்டு பேரும் அதுக்கப்புறம் சரியா பேசிக்கல, எங்க வீட்டம்மா என்னைப் பாக்குறா, அந்த வீட்டு அண்ணி அண்ணனப் பாக்குறாங்க, பழ சீசன் வேற வரப்போவுது.

இந்தச் சண்டைய கணக்கு தான் தீத்து வெக்கணும். நம்ம டிஷ்ஷெல்லாம் பாக்குறது 91.5 டிகிரி கிழக்குல நிக்கிற மீசாட் சாட்டிலைட்டுங்கள. 1996 ஜனவரில மீசாட்-1 ஏவுனாங்க, அதே வருஷம் ஆஸ்ட்ரோங்கற சாட்டிலைட் டிவி கம்பெனிய ஆரம்பிச்சாங்க, அன்னிலருந்து இந்த எடம் தான். நம்ம பெர்ஜுந்தை 101 டிகிரிக்கு கொஞ்சம் மேல, அப்போ சாட்டிலைட் நமக்கு மேற்கால பத்து டிகிரி வித்தியாசத்துல, பூமத்திய ரேகை நமக்கு தெற்கால இருக்கறதால கொஞ்சம் தெற்க சாஞ்சு. திசைகாட்டில சொன்னா 250 டிகிரி பக்கம், மேற்கு தென்மேற்கு. எங்க தாமான்ல வழி தவறுனா டிஷ்ஷுங்கள பாத்தாலே தெரிஞ்சுக்கலாம், அத்தனையும் ஒரே பக்கம் பாக்கும். சூராவ்ல, அதான் சின்ன பள்ளிவாசல்ல, தொழுகைக்கு பாக்குற கிப்லா திசை மேற்குல இருந்து வடக்க சாயும், டிஷ்ஷு தெற்க சாயும், அந்த ரெண்டுக்கும் நடுவுல தான் நேர் மேற்கு.

திசைய விட முக்கியம் உசரம். கணக்கு போட்டா அந்த சாட்டிலைட் நம்ம ஊர்ல இருந்து பாத்தா அடிவானத்துல இருந்து 77, 78 டிகிரி மேல நிக்கிது. 90ன்னா நேர் உச்சி. அப்போ ஏறக்குறைய நம்ம தலைக்கு மேலயே. டிஷ்ஷு அவ்ளோ மல்லாந்து இல்லயே, பாதி தானே சாஞ்சிருக்குன்னு கேப்பாங்க. அது ஆஃப்செட் டிஷ்ஷு, எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு நின்னு சிக்னல வாங்குற சின்ன பொட்டி, நடுவுல மறைக்கக்கூடாதுன்னு ஒரு பெரிய கிண்ணத்தோட ஓரத்துண்ட மட்டும் வெட்டி எடுத்த மாதிரி செஞ்சது, அது பாக்குற மாதிரி தெரியற எடத்துல இருந்து இருவது இருவத்தஞ்சு டிகிரி மேல தான் நெசமாவே பாக்கும். வானத்த அவ்ளோ உசரத்துல பாக்குற டிஷ்ஷ மரம் மறைக்கணும்னா, டிஷ்ஷுல இருந்து 10 அடி தள்ளி இருக்கிற மரம் டிஷ்ஷுக்கு மேல இன்னும் 40 அடிக்கு மேல வளந்திருக்கணும். கூரைக்கு மேல 40 அடி. பக்கத்து வீட்டு ரம்புத்தான் அவ்ளோ உசரம் இல்ல. செம்பனைய குத்தம் சொல்றவங்களுக்கும் இதே பதில் தான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற செம்பனை எவ்ளோ வளந்தாலும் முடியாது, கொல வெட்ட எட்டாத உசரம் வந்ததும், ஒரு 25 வயசுல, சாச்சுட்டு மறுநடவு பண்ணிருவாங்க. கெள டிஷ்ஷுக்கு மேலயே குடை புடிச்சா தான் மரத்து மேல கேஸ் போடலாம்.

மாமாவுக்கு 77 டிகிரின்னு சொன்னா ஏறுமா? காமிக்கணும். அதுக்கு ஒரு வழி இருக்கு, எங்க நல்ல நேரம் மார்ச் மாசமா வேற இருந்துச்சு. மார்ச்லயும் செப்டம்பர்லயும், பகலும் ராவும் சமமா இருக்கிற நாளுங்கள ஒட்டி, சூரியன் நம்ம ஊர்ல இருந்து பாக்க சாட்டிலைட் நிக்கிற அதே எடத்த தாண்டிப் போகும். மத்தியானம் ரெண்டு மணி வாக்குல. அந்த நேரத்துல டிஷ்ஷு மேல மரத்தோட நெழல் விழுந்தா மரம் மறைக்குதுன்னு அர்த்தம், விழலன்னா இல்ல. மீட்டர் வேணாம், ஆப்பு வேணாம், கண்ணு போதும். போன்ல திசை பாக்குற ஆப்புங்கள கூரைக்கு பக்கத்துல கொண்டு போனா வேற, அடில இருக்கிற ஜிங்கு இரும்புத் தகடு முள்ள இழுத்து தப்பு தப்பா காட்டும்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் மாமாவையும் அண்ணனையும் வெளிய வர வெச்சேன். மாமா தொப்பி போட்டுக்கிட்டு வந்தாரு, அண்ணன் கைய கட்டிக்கிட்டு வேலிக்கு அந்தப் பக்கம். வெயிலு மண்டைய பொளக்குது. டிஷ்ஷப் பாருங்கன்னேன். முழு டிஷ்ஷும் வெயில்ல, ஒரு எல நெழல்கூட இல்ல, மரத்தோட நெழல் மரத்தடிலயே சுருண்டு கெடக்கு. இன்னும் அழகு என்னன்னா, சாம்பல் கலர் பெயிண்ட்ல பட்டு தெறிச்ச வெளிச்சம் எல்லாம் போயி எல்என்பியோட வெள்ள மூடில ஒரு பளபளப்பா விழுது, டிஷ்ஷு சரியான எடத்த பாத்துக்கிட்டு இருக்குன்னு அதுவே சாட்சி சொல்லுது. "பாத்தீங்களா மாமா, மரம் ஒன்னும் செய்யல"ன்னு நான் சொல்லி வாய மூடல, உள்ள இருந்து எங்க வீட்டம்மா கத்துறா, "என்னாங்க, டிவி போச்சு!"

மாமா என்னைப் பாத்த பார்வை இருக்கே.

அது ஏன் போச்சுன்னா அதே காரணம் தான். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நின்னா, சூரியன்ல இருந்து வர்ற ரேடியோ எரைச்சலும் சேந்து டிஷ்ஷுல குவிஞ்சு எல்என்பிக்குள்ள போகும், அந்த எரைச்சல்ல சாட்டிலைட்டோட மெல்லிசான சிக்னல் முங்கிரும். வருஷத்துக்கு ரெண்டு சீசன், சில நாளு, நாளுக்கு சில நிமிஷம். உலகம் பூரா எல்லா டிஷ்ஷுக்கும் இது உண்டு, ஊருக்கு ஊரு நேரமும் தேதியும் தான் மாறும். இத அந்த வெயில்ல நின்னுக்கிட்டு மாமாவுக்கு வெளக்குனேன், அவரு கேட்டது ஒன்னே ஒன்னு, "அப்ப சூரியனயும் வெட்டணுமா மாப்புள்ள?" அண்ணன் சிரிச்சுட்டாரு. மாமாவும் கடைசில சிரிச்சாரு. நாங்க வேலியோரம் நின்னு பேசிக்கிட்டு இருக்கறப்பவே டிவி தானா வந்துருச்சு. மரம் தப்பிச்சது.

இப்ப மிச்சம் இருக்கறது காலைல போற சிக்னல். மறுநாளு ராத்திரி நல்ல மழை, காலைல மாமா கூப்புடுறதுக்கு முன்னாடியே நான் டிவி முன்னாடி உக்காந்துட்டேன். சேனல ஒன்னொன்னா மாத்திப் பாத்தா சிலது ஓடுது, சிலது ஓடல. இது பெரிய துப்பு. டிக்கோடர் செட்டிங்ல போனா சிக்னல் பலம், சிக்னல் தரம்னு ரெண்டு கோடு காட்டும். எல்லாரும் பலத்த பாத்து "நல்லாத்தான இருக்கு"ம்பாங்க. பலம் வெறும் சத்தம், எரைச்சலயும் சேத்து காட்டும். தரம் தான் நெசம். எனக்கு ஓடாத சேனல்ல பலம் பாதிக்கு மேல, தரம் சைபர்.

சில சேனல் மட்டும் ஏன் போகுதுன்னா, டிக்கோடர் கேபிள் வழியா எல்என்பிக்கு கரண்டும் அனுப்புது, அந்த வோல்ட்டேஜ வெச்சு தான் எந்த வாக்குல வர்ற அலைய எடுக்கணும்னு எல்என்பிக்கு சொல்லுது. 13 வோல்ட்டுன்னா செங்குத்து, 18 வோல்ட்டுன்னா கிடை. நடுவுல எங்கயாச்சும் கேபிள்ல துரு புடிச்சு தடை வந்துச்சுன்னா, டிக்கோடர் 18 அனுப்பும், மேல போயி சேர்றது 14க்கு கீழ இருக்கும், எல்என்பி அத 13ன்னு நெனச்சுக்கிட்டு செங்குத்துலயே நிக்கும். கிடை சேனல் எல்லாம் காலி. இன்னும் மோசமா போனா 13 அனுப்புறது எட்டு ஒம்போதுன்னு போயி சேரும், எல்என்பி வேலையே செய்யாது, அத்தனையும் காலி. எங்க வீட்ல மொதல்ல சிலது, பொறவு எல்லாம், மத்தியானம் காஞ்சதும் திரும்பி வர்றது, எல்லாம் சரியா பொருந்துது.

மல்டிமீட்டர எடுத்துக்கிட்டு கூரைல ஏறுனேன். ஏறுறவங்க கவனிங்க, டிக்கோடர சுவிட்ச்ல மட்டும் ஆஃப் பண்ணாம பிளக்க புடுங்கிட்டு தான் கனெக்டர கழட்டணும், இல்லன்னா நடு கம்பி வெளிக்கூட்டுல பட்டு ஷார்ட் ஆகி டிக்கோடரே போயிரும். அளக்கறப்போ மட்டும் திரும்ப போடணும். வானம் கறுத்திருந்தா ஏறவே ஏறாதீங்க, எங்க ஊரு இடி சொல்லிட்டு வராது. டிஷ்ஷுக்கிட்ட கேபிள கழட்டி அளந்தா 18 வோல்ட் அழகா காட்டுது. நெறய பேரு இங்க ஏமாந்துருவாங்க. மீட்டர் கரண்டே இழுக்காது, அதனால எவ்ளோ துரு இருந்தாலும் முழு வோல்ட்டேஜ் தெரியும். எல்என்பிய மாட்டி, நடுவுல மூணு வாய் இருக்கிற டி கனெக்டர் ஒன்னு போட்டு, அது வேல செய்யறப்போ அளக்கணும். அப்டி அளந்தேன், 13க்கும் கீழ போயிருச்சு. கோளாறு டிஷ்ஷுலயும் இல்ல, டிக்கோடர்லயும் இல்ல, நடுவுல.

நடுவுல என்ன இருக்கு? முன்னாடி பின்பக்கம் அடுக்களைய இழுத்து கட்டுனப்போ வேலைக்கு வந்தவங்க டிஷ்ஷ தூக்கி தள்ளி வெச்சாங்க, கேபிள் பத்தல, ஒரு ஜாயிண்ட் போட்டு நீட்டி, கறுப்பு டேப்ப சுத்தி, புதுக் கூரைக்கும் பழைய கூரைக்கும் நடுவுல சொருகி விட்டுட்டாங்க. சரியா அதுக்கு மேல ஜிங்க் தகட்டோட ஒரு ஸ்க்ரூ, அதோட ரப்பர் வாஷர் வெயில்ல வெடிச்சு உதிந்து போச்சு. மழை பெஞ்சா அந்த ஸ்க்ரூ வழியா சொட்டு சொட்டா ஜாயிண்ட் மேல.

டேப்ப அறுத்தேன். டேப்பு தண்ணிய வெளிய நிறுத்தல, உள்ள வந்த தண்ணிய வெளிய போக விடாம புடிச்சு வெச்சிருந்துச்சு, அறுத்த எடத்துல இருந்து கறுப்பா ஒழுகுச்சு, கைல புளிச்ச வாட. கனெக்டர் திருகி மாட்டுற ரகம், கேபிளோட தோலு மேல சும்மா முறுக்கி வெச்சது, அத கழட்டுறப்பவே பாதி கைலயே வந்துருச்சு. தோல கத்தில கீறி உரிச்சுப் பாத்தா, வெள்ளி நெறத்துல பின்னி இருக்க வேண்டிய வல பச்சையும் கறுப்புமா மாவாகி விரல்ல ஒட்டுது. உள்ள வெள்ள நுரை மாதிரி இருக்கற பிளாஸ்டிக்கு பழுப்பாயிருச்சு. நடு கம்பி செம்பு பூசுன இரும்பு, செம்பு போயி இரும்பு துரு ஏறி முனைல ஊசி மாதிரி மெலிஞ்சு இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா கேபிள வெட்டிக்கிட்டே போறேன், ஒரு மொழம், ரெண்டு மொழம், இன்னும் பச்ச. அந்த வல திரி மாதிரி தண்ணிய உறிஞ்சிக்கிட்டு கீழ எறக்கியிருக்கு. சந்தேகப்பட்டு உள்ள வந்து டிக்கோடர் பின்னாடி கனெக்டர கழட்டுனேன், நடு கம்பி முனைல ஒரு சொட்டு தண்ணி. வரவேற்பறைல, அலமாரிக்கு பின்னாடி. மாமா கண்ணாடிய போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தாரு, ஒன்னும் சொல்லல, ரிமோட்ட எடுத்து மேசை மேல வெச்சாரு.

அப்புறம் நடந்தது சாதாரண வேல. டவுன்ல சீனன் ஹார்ட்வேர் கடைல ஆர்ஜி-6 கேபிள் மீட்டர் கணக்குல வாங்குனேன், ஜாயிண்டே இல்லாம டிஷ்ஷுல இருந்து டிக்கோடர் வரைக்கும் ஒரே இழுப்பு. கடைக்கார தவுக்கே "ஜாயிண்ட் போட்டா கம்மி தானே"ன்னாரு, அந்தப் பேச்சே வேணாம்னுட்டேன். கனெக்டர் திருகுற ரகம் வேணாம், அழுத்தி இறுக்குற கம்ப்ரெஷன் ரகம், அதுக்கு தனி இடுக்கி வேணும், மில்லுல ஒரு நண்பன்கிட்ட கடன் வாங்குனேன். கறுப்பு டேப்புக்கு பதிலா இழுத்து சுத்துனா தன்னோட தானே ஒட்டி ஒரே ரப்பரா ஆயிர்ற டேப்பு இருக்கு, கரண்டு வேல செய்றவங்களுக்கு தெரியும், அத சுத்துனேன். எல்லாத்த விட முக்கியம், சுவத்துக்குள்ள கேபிள் நொழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விடணும், தண்ணி கேபிள் மேலயே ஓடி வந்தாலும் அந்த வளைவோட அடில வந்து கீழ சொட்டிரும், உள்ள போகாது. இத ஒழுங்கா பண்ண ஆளு எங்க தாமான்ல நான் பாத்த வரைக்கும் ரொம்ப கம்மி. ஸ்க்ரூவுக்கும் புது வாஷர் போட்டாச்சு, அந்தக் கூரை ஒழுகுறத பத்தி எங்க வீட்டம்மா ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு தான் இருந்தா, டிவி போனதுக்கு தான் சரியாச்சுன்னு இப்பவும் குத்திக் காட்டுவா.

இதே மாதிரி வேற வீடுங்கள்ல நான் பாத்த சில சங்கதி. எல்என்பி மூடி வெடிச்சு உள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சு. டிக்கோடருக்குள்ள எறும்பு, சூடா இருக்கறதால அதுக்கு புடிக்கும் போல, பல்லி முட்டையும் பாத்திருக்கேன். தோட்டத்து ஓரமா இருக்கற வீடுங்கள்ல குரங்கு டிஷ்ஷு மேல ஏறி உக்காரும், அது நெசமாவே பிரச்சன, ஏன்னா ரெண்டடி டிஷ்ஷு பாக்குற பாதை மொத்தமே மூணு டிகிரி அகலம் இருக்கும், ஒன்னர டிகிரி நகந்தாலே பாதி சிக்னல் போயிரும், வெயில் நேரத்துல சமாளிச்சு ஓடும், தூறல் விழுந்தாலே போயிரும். லேசான மழைக்கே போகுதுன்னா டிஷ்ஷு நகந்திருக்கான்னு பாக்கணும், போல்ட்ட இறுக்கணும். காத்தடிச்சா மட்டும் போகுதுன்னா அதே போல்ட்டு தான், இல்ல லூசான கனெக்டர். ராத்திரி வந்து பகல் சூட்டுல போனா எல்என்பி வயசாயிருச்சு, மாத்திருங்க, பெரிய வெல இல்ல.

வானத்து மேலயே குத்தம் இருந்த சந்தர்ப்பமும் உண்டு. 2021 ஜூன்ல மீசாட்-3ங்கற சாட்டிலைட்டே கோளாறாச்சு, 2006ல ஏவுனது, அதுக்கு பதிலா மீசாட்-3டி 2022 ஜூன்ல தான் மேல போச்சு. அந்த சமயத்துல எங்க தாமான்லயும் ஆளுங்க கூரைல ஏறி டிஷ்ஷ திருப்பிக்கிட்டு இருந்தாங்க, நல்லா இருந்த டிஷ்ஷையும் திருப்பி வெச்சு பொறவு என்னைக் கூப்புட்டாங்க. ஊரு பூரா ஒரே நேரத்துல போனா கூரைல ஏறாதீங்க, எதிர் வீட்ல ஓடுதான்னு மொதல்ல ஒரு வார்த்த கேளுங்க.

எங்க வீட்ல இப்ப காலைல டிவி ஓடுது. இடி மழை நல்லா கொட்டுறப்போ மட்டும் போகுது, வருது, அது போகத்தான் செய்யும்னு மாமாகிட்ட சொல்லியாச்சு. ஆனா அண்ணன் அவர்கிட்ட ஒரு விஷயத்த சொல்லிட்டாரு, மூணடி டிஷ்ஷு வெச்சா மழைக்கும் தாங்கும்னு. சொன்னது தப்பில்ல, ரெண்டடிக்கு மூணடின்னா பரப்பு ரெண்டே கால் மடங்கு, அவ்ளோ சிக்னல் கூட கெடைக்கும், கொஞ்சம் மழைய கூடுதலா தாங்கும், ஆனா பெருமழைக்கு அதுவும் போகும். பெருசானா பாக்குற பாதையும் ஒடுங்கும், இன்னும் துல்லியமா வெக்கணும், காத்தும் ரெண்டு மடங்குக்கு மேல புடிக்கும், எங்க வீட்டு ஜிங்க் கூரையும் அதுக்கடில இருக்கிற பழைய பலகையும் அத தாங்குமான்னு எனக்கு பயம். இது எதையும் மாமா காதுல வாங்கல. போன வாரம் அண்ணனோட மோட்டார்ல பின்னாடி ஏறிக்கிட்டு பழைய எஸ்டேட் லயத்துப் பக்கம் போயி யாரோ கழட்டிப் போட்ட பெரிய டிஷ்ஷு ஒன்னு கெடக்குதுன்னு பாத்துட்டு வந்திருக்காரு, வெல பேசிக்கிட்டு இருக்காங்க, நான் லோரி குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.